தேம்ஸ் ஓரமா வட்டமா நடக்க வழி சொல்லுங்க (அம்மாவோட, கார் இல்லாம)

ஸ்லௌ_செல்வி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க ஸ்லௌவில இருக்கோம், கார் கிடையாது. அம்மா ஊர்ல இருந்து வந்திருக்காங்க, செப்டம்பர் வரைக்கும் இருப்பாங்க. அறுபத்தாறு வயசு. தினமும் காலையில ஒரு மணி நேரம் விடாம நடக்கிறவங்க. சமதளம்னா சளைக்காம வருவாங்க, மேடு ஏறவும் செய்வாங்க. இறக்கம்தான் ஆகாது, வலது முட்டி பிடிச்சுக்கும். கூட என் வீட்டுக்காரரும் பதினோரு வயசுப் பையனும்.

அம்மாவுக்கு ஆத்தங்கரையில நடக்கணும்னு ஆசை. "லண்டன்ல பார்த்தது கட்டடத்துக்கு நடுவுல போற ஆறு. இது வயக்காட்டுல எப்படிப் போகுதுன்னு பாக்கணும்"னு வந்த நாள்ல இருந்து கேக்கிறாங்க. தேம்ஸ் பாத் பத்தித் தேடிப் படிச்சேன். எனக்கு வேண்டியது இதுதான்: இறங்கின ஸ்டேஷனுக்கே திரும்பி வரணும், ஆனா போன வழியாவே வரக் கூடாது. அதே வழியில திரும்புறது அம்மாவுக்குப் பிடிக்காது, பையனுக்குச் சுத்தமா பிடிக்காது.

ஒரு பாலத்துல ஆரம்பிச்சு அடுத்த பாலம் வரைக்கும் ஒரு கரையில போய், மறுகரையில திரும்பிடலாம்னு நினைச்சு மேப்பைப் பார்த்தேன். மறுகரையில பாதையே காணோம். வரிசையா வீடும் தோட்டமும்தான் இருக்கு. ஏன் இப்படி? ரெண்டு கரையிலயும் பாதை இருக்கிற இடம் ஏதாவது உண்டா? அஞ்சாறு மைல் போதும். வழியில மாடு மேயும்னு ஒருத்தங்க பயமுறுத்தினாங்க, அதையும் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ரயிலடி எழுதியது:

வட்டம் எதுக்குங்க? ஸ்லௌல எலிசபெத் லைன் ஏறி மெய்டன்ஹெட்ல மாறி, மார்லோவுக்குப் போங்க. அங்க இருந்து ஆத்தோட போக்குலயே போர்ன் எண்ட் வழியா குக்கம் வரைக்கும் நடந்து, குக்கம்ல ரயில் ஏறிடுங்க. மூணு ஸ்டேஷனும் ஒரே கிளை லைன்ல இருக்கு. அஞ்சு மைலுக்குப் பக்கம் வரும். மேடு பள்ளமே கிடையாது, முட்டிக்குத் தொந்தரவு இல்ல. போன வழியில திரும்பவும் வேண்டாம்.

கரைவழி எழுதியது:

தங்கச்சி, ரயிலடித் தம்பி சொன்ன வழி நல்ல வழிதான். அம்மாவுக்கு அன்று உடம்பு சரியில்லை என்றால் அதையே செய்யுங்கோ. ஆனால் நீங்கள் கேட்டது வட்டம். அந்த ஊரில் வட்டத்துக்கு ஒரு நியாயம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. நான் மெய்டன்ஹெட் பக்கம் வந்து குடியேறிக் கனகாலம். இந்தக் கரையில் எல்லாப் பருவத்திலும் நடந்திருக்கிறேன்.

மறுகரையில் ஏன் பாதை இல்லை என்ற கேள்விக்கு முதலில் வாறன். தேம்ஸ் பாதையை நடக்கிற ஆட்களுக்கென்று யாரும் போடவில்லை. மேல் ஆற்றில் அதன் பெரும்பகுதி பழைய இழுவைப் பாதை. இயந்திரம் வருமுன் சரக்குப் படகுகளைக் கயிறு கட்டிக் கரையிலிருந்து இழுத்தார்கள், முதலில் மனிதர், பிறகு குதிரைகள். இழுக்கிற குதிரைக்கு ஒரு கரை போதும். அந்தக் கரையில் நிலச் சொந்தக்காரர் இடம் தரவில்லை என்றாலோ, சதுப்பு குறுக்கே வந்தாலோ, பாதை மறுகரைக்கு மாறிவிடும். மாறுகிற இடத்தில் ஓடம் ஒன்று குதிரையையும் ஏற்றிக் கடத்தும். ரயில் வந்து ஆற்றுச் சரக்கு குறைந்தது. பின்னர் ஓடங்களும் ஒவ்வொன்றாக நின்றுபோயின. பாதை மட்டும் கரைக்குக் கரை தாவினபடி துண்டு துண்டாக மிஞ்சியது.

அந்தத் துண்டுகளை எல்லாம் கோத்து, ஊற்றுக்கண் இருக்கிற கெம்பிள் பக்கத்துப் புல்வெளியிலிருந்து லண்டன் வெள்ளத் தடுப்பணை வரை 184 மைல் தேசிய நடைபாதையாக 1996இல் திறந்தார்கள். நீங்கள் போகப்போகிற இடத்திலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. முன்பு குக்கம் பக்கமிருந்து வருகிற இழுவைப் பாதை ஸ்பேட் ஓக் என்ற இடத்தில் ஓடத்தில் ஏறி வடகரைக்குப் போகும். இப்போது ஓடம் இல்லை. அதற்குப் பதிலாக போர்ன் எண்ட் ரயில் பாலத்தின் பக்கவாட்டில் நடப்பவர்களுக்கென்று ஒரு பாலத்தை 1990களில் பொருத்தினார்கள். பக்கத்தில் ரெயின் போகும்போது அந்தப் பாலத்தில் நின்று பாருங்கோ, பையனுக்குப் பிடிக்கும்.

இரண்டு கரையிலும் பாதை வேண்டுமென்றால் டெடிங்டன் மதகுக்குக் கீழே, லண்டனுக்குள் வரவேண்டும். பட்னி பாலத்துக்கும் ஹாமர்ஸ்மித் பாலத்துக்கும் இடையில் ஒரு கரையால் போய் மறுகரையால் வரலாம். நல்ல நடைதான். ஆனால் அம்மா கேட்டது அது இல்லையே.

ஆகவே டெடிங்டனுக்கு மேலே வட்டம் போட நினைக்கிறவர் பாலத்தைத் தேடக்கூடாது, மேட்டைத் தேடவேண்டும். ஒரு பாதி ஆறு, மற்றப் பாதி அந்த ஆறே அரித்து நிமிர்த்தி வைத்த மேடு. குக்கம் அதற்கென்றே அமைந்த இடம். ஆறு அங்கே மார்லோவிலிருந்து கிழக்கே வந்து, போர்ன் எண்டில் வளைந்து தெற்கே இறங்குகிறது. வளைவுக்கு உள்பக்கம் காக் மார்ஷ் என்ற பெரிய தாழ்புல்வெளி. அதன் பின்னால் வின்டர் ஹில் என்ற சுண்ணாம்புமேடு சட்டென்று எழும்புகிறது. கரையில் நடக்கும்போது மேட்டைப் பார்க்கிறீர்கள், மேட்டில் நிற்கும்போது நடந்துவந்த கரை முழுக்கக் கீழே விரிந்து கிடக்கும். ஒருவழியாகப் போய் ரெயின் ஏறினால் இந்த இரண்டாவது காட்சி கிடைக்காது. ஆறு எங்கே வளைந்தது, ஏன் அந்த இடத்தில் புல்வெளி நனைந்து கிடக்கிறது என்று மேலே நின்று பார்த்தால்தான் விளங்கும். வயலுக்குள் ஆறு எப்படிப் போகிறது என்று அம்மா கேட்டதற்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

இனி வழி.

குக்கம் ஸ்ரேசனில் இறங்கிக் கிழக்கே பழைய கிராமத்துக்கு நடவுங்கோ. குக்கம் மூர் என்ற பொதுப் புல்வெளி வரும். அதைத் தாண்டினால் கிராமத்துப் பெரிய தெரு. ஓவியர் ஸ்டான்லி ஸ்பென்சர் 1891இல் பிறந்த ஊர் இது. ஆயுளில் பெரும்பகுதி இங்கேயே இருந்து, இந்தத் தெருவையும் இந்த ஆற்றையும் இந்தத் தேவாலய முற்றத்தையும் வரைந்தவர். தெருவில் அவருடைய படங்களுக்கென்று பழைய மெதடிஸ்டுத் தேவாலயம் ஒன்றில் ஒரு சிறிய காட்சிக்கூடம் உண்டு. திறந்திருந்தால் உள்ளே போய்விட்டு வாங்கோ, நடையைக் கெடுக்காது. ஆற்றுக்குப் போகிற வழியே ஹோலி டிரினிட்டி தேவாலயத்தின் கல்லறை முற்றத்துக்குள்ளால்தான் போகிறது. அவருடைய நினைவுக்கல்லும் அங்கேதான்.

ஆற்றை அடைந்ததும் இடப்பக்கம் திரும்புங்கோ. நீர் உங்களை எதிர்த்து வரும். கொஞ்சத் தூரத்தில் வீடுகளும் படகுத்துறையும் முடிந்து ஒரு வாயில் வரும். அதைக் கடந்தால் காக் மார்ஷ். முதல் தரம் போகிற யாரும் அந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்பார்கள், அவ்வளவு அகலம். குக்கம், மெய்டன்ஹெட் பொதுநிலங்களோடு இதையும் ஊர்ச்சனங்கள் காசு சேர்த்து வாங்கி 1934இல் நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார்கள். அப்படிச் செய்திராவிட்டால் இன்று இதுவும் தோட்டச் சுவர்களாகத்தான் இருக்கும். மேட்டின் அடிவாரப் பக்கம் புல்லுக்குள் சில திட்டுகள் தெரியும். வெண்கலக் காலத்துப் புதைமேடுகள் அவை. ஏறி மிதிக்காமல் பையனுக்குக் காட்டுங்கோ.

ரயில் பாலம் வரை ஆற்றோரமே போய், பாலத்தில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி, புல்வெளிக்குக் குறுக்காக மேட்டை நோக்கி நடவுங்கோ. சரிவில் சாய்வாக ஒரு பாதை ஏறும். நேராக ஏறாமல் சரிவை அணைத்துக்கொண்டு போகிறபடியால் மூச்சு வாங்கினாலும் தாங்கும். மழை பெய்த மறுநாள் அந்தச் சுண்ணாம்பு மண் சறுக்கும், அப்போது அடி நல்லாகப் பிடிக்கிற சப்பாத்து இல்லாமல் ஏறவேண்டாம். மேலே வின்டர் ஹில். அங்கிருந்து குக்கம் டீன் வழியாகச் சின்னச் சின்னக் கிராமத்துப் பாதைகளில் மெல்ல மெல்ல இறங்கி ஸ்ரேசனுக்கே வந்துவிடலாம். எல்லாம் சேர்த்து ஐந்தரை மைல் அளவில் வரும்.

எந்தப் பக்கமிருந்து தொடங்குவது என்பதில் என் பழக்கம் வேறு. நான் எப்போதும் மேட்டை முதலில் முடித்து, ஆற்றைக் கடைசிக்கு வைப்பேன். பின்னேரம் மேற்கே போகிற வெயில் முதுகில் விழும், நீரும் நானும் ஒரே திசையில் போவோம். ஆனால் அப்படிப் போனால் காக் மார்ஷ் சரிவில் இறங்கவேண்டும். முட்டி நோகிற ஆளுக்கு அந்த நடையில் உள்ள ஒரே மோசமான இடம் அதுதான். ஆகையால் நான் மேலே எழுதின மாதிரி ஆறு முதலில், செங்குத்தை ஏற்றமாக்கி, இறக்கத்தை நீளமாகவும் மெதுவாகவும் வைத்துக்கொள்ளுங்கோ. காலையிலேயே தொடங்கினால் வெயிலும் முதுகுப் பக்கம்தான் இருக்கும், ஏனென்றால் நீங்கள் வடமேற்கே போகிறீர்கள்.

பசும்புல் எழுதியது:

மாடு பத்திக் கேட்டீங்களே, நான் நாயோட அந்தப் பக்கம் அடிக்கடி போறவ. அதனால சொல்றேன்.

காக் மார்ஷ்ல கோடை முழுக்க மாடு மேயும். அது பொதுமேய்ச்சல் நிலம், மாடு இருக்கிறதாலதான் புதர் மண்டாம புல்வெளியாவே இருக்கு. பெரும்பாலும் நம்மளைத் திரும்பிக் கூடப் பார்க்காது. கன்னுக்குட்டி கூட இருந்தா மட்டும் ரொம்பக் கவனம். தாய்க்கும் கன்னுக்கும் நடுவுல போகவே கூடாது. பாதை நேரா கூட்டத்துக்கு நடுவுல போச்சுன்னா, விலகிப் பெரிய வளைவா சுத்திப் போங்க. ஆத்துக்கும் மாட்டுக்கும் நடுவுல ஒடுங்கிப் போயிடாதீங்க, திறந்த பக்கமா விலகுங்க. ஓடாதீங்க, கத்தாதீங்க, பையன் கையைப் பிடிச்சுக்கோங்க. வாலிபக் கன்னுங்க கூட்டமா பின்னாலயே வரும், அது வேடிக்கை பார்க்க வர்றது. நின்னு திரும்பிக் கையை அகல விரிச்சா நின்னுடும்.

நாய் கொண்டு போறவங்களுக்கு: வார்ல கட்டித்தான் போகணும். ஆனா மாடு துரத்தி வந்துச்சுன்னா அந்த நிமிஷமே வாரை விட்டுடணும். அதுக்கு வேண்டியது நாய், நீங்க இல்ல. நாய் ஓடித் தப்பிச்சுக்கும். இதை எல்லாருக்கும் சொல்லிட்டே இருக்கேன்.

அப்புறம் ஜூன், ஜூலையில பாதையோரம் செந்தட்டி மாதிரி அரிக்கிற நெட்டில் இடுப்பு உயரம் வளர்ந்திருக்கும். அரைக்கால் சட்டை வேண்டாம், பையனுக்கும் முழுக்கால் சட்டை போடுங்க. உயரமான புல்லுல உண்ணி இருக்கும். அது கடிச்சா லைம் நோய் வரலாம். வீட்டுக்கு வந்ததும் முழங்காலுக்குப் பின்னாடி, இடுப்புப் பட்டை, அக்குள், பையனுக்குக் காதுக்குப் பின்னாடி எல்லாம் பாருங்க. ஒட்டியிருந்தா நுனி மெல்லிசான இடுக்கியால தோலை ஒட்டிப் பிடிச்சு, நசுக்காம நேரா இழுத்து எடுக்கணும்.

ஸ்லௌ_செல்வி எழுதியது:

கரைவழி அண்ணா, படிச்சுக் காட்டினேன், அம்மா மறுபடியும் படிக்கச் சொன்னாங்க. குதிரை இழுத்த கதையைப் பையன் ஸ்கூல்ல சொல்லப் போறானாம். பசும்புல் அக்கா, மாடு விஷயத்துக்கு ரொம்ப நன்றி. அம்மா "மாட்டுக்கா பயப்படுறே"ன்னு என்னையே திட்டுறாங்க, ஆனா கன்னுக்குட்டி விஷயத்தை ஒத்துக்கிட்டாங்க.

ரெண்டு சந்தேகம். வீட்டுக்காரரும் பையனும் இன்னும் நீளமா நடக்கணும்ங்கிறாங்க. எங்களைப் பிரிஞ்சு அவங்க மட்டும் வேற வட்டம் போக முடியுமா? இன்னொண்ணு, எவ்வளவு நேரம்னு எப்படிக் கணக்குப் போடுறது? ஃபோன்ல காட்டுற நேரத்தை நம்பலாமா?

கரைவழி எழுதியது:

பிரியலாம் தங்கச்சி, அந்தக் கிளை ரெயினின் பெரிய வசதியே அதுதான். எல்லோரும் சேர்ந்து குக்கத்திலிருந்து காக் மார்ஷ் கடந்து, ரயில் பாலத்தால் வடகரைக்கு மாறி, மார்லோ வரை போகலாம். அது முழுக்கச் சமதளம். மார்லோவில் அம்மாவும் நீங்களும் ஓய்வெடுத்துவிட்டு ரெயின் ஏறி குக்கம் வந்துவிடுங்கோ. அப்பாவும் மகனும் மார்லோ பாலத்தைக் கடந்து, குவாரி வூட் காட்டால் ஏறி, வின்டர் ஹில் வழியாகக் குக்கத்துக்கு நடந்து வரட்டும். அவர்களுடைய வட்டம் ஒன்பது, பத்து மைல் வரும். அம்மாவுக்கு இடையில் களைத்தால் போர்ன் எண்ட் ஸ்ரேசன் நடைபாலத்தில் இருந்து சில நிமிட நடைதான்.

அந்த வடகரைத் துண்டைப் பற்றி ஒரு சொல். போர்ன் எண்டில் முதலில் வீட்டுத் தோட்டங்களுக்கும் ஆற்றுக்கும் இடையில் ஒடுங்கலாகப் போகும். ஸ்பேட் ஓக் தாண்டினால் புல்வெளி திறக்கும். இடப்பக்கம் ஆறு, ஆற்றுக்கு அப்பால் வின்டர் ஹில்லின் மரச்சரிவு நீளத்துக்கு வரும். நீர்க்கோழியும் அன்னமும் எப்போதும் இருக்கும். மீன்கொத்தியைப் பார்க்க ஆசை என்றால் கரை மரக்கிளைகள் நீரைத் தொடுகிற இடங்களில் பேசாமல் நில்லுங்கோ. நீலமாக ஒரு கீற்று போகும், அவ்வளவுதான். வானத்தில் வால் கவட்டையாகப் பிளந்த பெரிய பருந்துகள் வட்டமிடும், செந்நிறம். இங்கிலாந்தில் அந்த இனத்தை 19ஆம் நூற்றாண்டில் கொன்றே அழித்துவிட்டார்கள். 1989 முதல் ஸ்பெயினிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து இந்தச் சில்டர்ன் மலைப் பக்கம் விட்டார்கள். இன்று மார்லோவுக்கு மேலே அவற்றைப் பார்க்காமல் ஒரு நாள் நடக்க முடியாது. அழிந்த ஒன்றைத் திரும்பக் கொண்டுவர முடியும் என்பதைப் பையன் கண்ணால் காண்பான்.

மார்லோவுக்குக் கிட்ட ஏ404 நெடுஞ்சாலைப் பாலத்துக்குக் கீழால் போவீர்கள். அதன் பிறகு பாதை மதகுப் பக்கம் ஆற்றை விட்டு விலகி, மதில்களுக்கு இடையில் திரும்பித் திரும்பிப் போகிற ஒரு சந்தால் பாலத்தடிக்கு வரும். வழி தவறிவிட்டதோ என்று நினைக்கவேண்டாம், அதுதான் வழி. மார்லோ தொங்குபாலம் 1832இல் முடிந்தது. கட்டினவர் வில்லியம் டியர்னி கிளார்க். புடாபெஸ்டில் டான்யூபுக்கு மேல் நிற்கிற பெரிய சங்கிலிப் பாலத்தை வடிவமைத்தவரும் அவர்தான். பாலத்துக்குப் பக்கத்தில் ஹிகின்சன் பூங்கா. நிழல், இருக்கை, கழிப்பறை எல்லாம் உண்டு. நீங்கள் இருவரும் இருந்து ஆறுவதற்கு நல்ல இடம்.

குவாரி வூட் பீச் மரக்காடு. ஏற்றம் செங்குத்து, வேர்கள் பாதைக்குக் குறுக்கே ஓடும். தெளிவான பாதை போலக் கண்ணுக்குத் தெரிகிற சிலது நூறடியில் முடிந்துவிடும். ஆகவே ஃபோனை மட்டும் நம்பாமல் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடத்தைப் பார்க்கப் பழகச் சொல்லுங்கோ. அதில் நாலு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். பச்சை நிறத்தில் விட்டு விட்டுப் போகிற சிறு கோடுகள் என்றால் யாரும் நடக்க உரிமையுள்ள பாதை. கறுப்புக் கோட்டுப் பாதை கண்ணுக்குத் தெரியும், ஆனால் அதில் உரிமை இருப்பதாக அர்த்தம் இல்லை. தரையில் மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு, நீல அம்பு குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. தேம்ஸ் பாதையில் ஓக் விதை அடையாளம் போட்டிருக்கும். ஓக் விதை தெரிகிற வரை ஆற்றுப் பாதை. மேட்டுக்குத் திரும்பின பிறகு அது வராது, அம்பு மட்டும்தான்.

நேரக் கணக்குக்கு நெய்ஸ்மித் என்ற ஸ்கொட்லாந்து மலையேறி 1892இல் ஒரு விதி சொன்னார். மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 2000 அடி ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அது நல்ல பலமுள்ள ஆட்கள் நிற்காமல் நடக்கிற கணக்கு. உங்கள் வட்டத்தில் மேடு சின்னது, அதனால் நேரம் கூடாது. கூட்டுவது நிற்கிற இடங்கள்தான். அம்மாவோடு என்றால் மணிக்கு இரண்டு மைல் என்று வையுங்கோ. ஐந்தரை மைலுக்கு மூன்று மணி, தேவாலயமும் புல்வெளியும் பார்க்க இன்னும் ஒன்று. ஃபோன் காட்டுகிறது நகரத்துத் தார் ரோட்டு வேகம், ஈரப் புல்லில் அது வராது.

நீர்மட்டம் எழுதியது:

இந்தத் திரியைக் குளிர்காலத்தில் படிக்கப் போகிறவர்களுக்காக ஒரு குறிப்பு. காக் மார்ஷ் பெயருக்கு ஏற்ற சதுப்பு. தொடர்மழைக்குப் பிறகு ஆறு அங்கேதான் முதலில் பரவும். 2014 ஜனவரி, பிப்ரவரியில் குக்கம் கிராமத்தையே வெள்ளம் சூழ்ந்தது. புறப்படுவதற்கு முன்பு அரசின் வெள்ள எச்சரிக்கைப் பக்கத்தில் மார்லோ, குக்கம் மதகுகளின் நீர்மட்டத்தைப் பாருங்கள். மதகுகளில் படகோட்டிகளுக்காக மஞ்சள் பலகை, சிவப்புப் பலகை வைப்பார்கள். மஞ்சள் என்றால் நீரோட்டம் கூடுகிறது அல்லது குறைகிறது, சிவப்பு என்றால் ஓட்டம் பலமாக இருக்கிறது, படகை எடுக்க வேண்டாம் என்பது. சிவப்பு இருக்கிற நாளில் கரைப் பாதையும் பல இடங்களில் மூழ்கியிருக்கும் என்று எடுத்துக்கொள்வது நல்லது.

அப்படிப்பட்ட நாளில் குக்கம் டீன் வழியாக வின்டர் ஹில் வரை ஏறி, அதே மேட்டுப் பாதையில் திரும்பிவிடுங்கள். வெள்ளத்தை மேலிருந்து பார்ப்பதே பெரிய காட்சி. மூழ்கிய பாதையில் "கணுக்கால் அளவுதானே" என்று இறங்கவே கூடாது. கரையின் விளிம்பு எங்கே முடிகிறது என்று கலங்கிய நீரில் தெரியாது. டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ரயிலடி எழுதியது:

வட்டத்துக்கு நான் ஒத்துக்கிறேன் கரைவழி அண்ணா, அந்த மேட்டுக் காட்சியைப் பத்தி நான் யோசிக்கல. செல்வி, ஒரே ஒரு விஷயம். அந்தக் கிளை லைன்ல வண்டி அடிக்கடி வராது, ஏறக்குறைய மணிக்கு ஒண்ணுதான். மார்லோவுக்குப் போற வண்டி போர்ன் எண்ட்ல நின்னு, வந்த பக்கமே திரும்பிப் புறப்படும். பயந்து இறங்கிடாதீங்க, அங்க தண்டவாளம் அப்படித்தான் முடியுது. ஞாயித்துக்கிழமை போறதா இருந்தா முந்தின நாளே தண்டவாள வேலை இருக்கான்னு பாருங்க. வேலைன்னா பஸ் விடுவாங்க, அதுல நேரம் கூடும்.

ஸ்லௌ_செல்வி எழுதியது:

சனிக்கிழமை காலையில போறோம். அம்மாவும் நானும் சின்ன வட்டம், வின்டர் ஹில் ஏறியே தீரணும்னு அம்மா சொல்லிட்டாங்க, மார்லோ ரயில் வேண்டாமாம். அப்பாவும் பையனும் ரயில் பாலத்துல எங்களைப் பிரிஞ்சு மார்லோ போய் குவாரி வூட் வழியா வர்றாங்க. ரெண்டு பேர்கிட்டயும் வரைபடம் இருக்கும். அண்ணா, மேலே வின்டர் ஹில்ல நாங்க எந்த இடத்துல காத்திருந்தா அவங்க எங்களைத் தவற விடமாட்டாங்க?

கரைவழி எழுதியது:

மேட்டின் விளிம்போடு ஒரு சிறிய ரோட்டு போகும், அதன் ஓரத்தில் கார் நிறுத்துகிற திறந்த இடம் ஒன்று உண்டு. மரங்கள் விலகி ஆறு கீழே முழுக்கத் தெரிகிற இடம் அதுதான். குவாரி வூட்டால் வருகிறவர்களும் காக் மார்ஷால் ஏறுகிறவர்களும் அந்த ரோட்டுக்குத்தான் வந்து சேர்வார்கள். அவர்கள் உங்களைவிட நாலு மைல் அளவுக்குக் கூட நடக்கவேண்டும், இரண்டு மணி நேரமாவது பிந்தும். ஆகவே நீங்கள் தேவாலயத்திலும் புல்வெளியிலும் அவசரப்படாமல் இருந்துவிட்டு மெதுவாக ஏறுங்கோ. மேலே காற்று அடிக்கும், அம்மாவுக்கு ஒரு மேல்சட்டை கொண்டுபோங்கோ. காட்டுக்குள் ஃபோன் சமிக்ஞை கிடைக்காமல் போகலாம். பிரிகிற இடத்திலேயே, இத்தனை மணிக்குள் வராவிட்டால் நேரே குக்கம் ஸ்ரேசன் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கோ.